சம்மதம் யாருடையது?

கிரேட் நிக்கோபார் மக்கள் சம்மதம் தந்துவிட்டார்கள் என்பதே ஒன்றிய அரசின் வாதம். 2022 ஆகஸ்டு மாதத்தில் தயாரான சில தாள்களே அதற்குச் சான்று. அவற்றுள் ஒன்றை, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை, பழங்குடி மன்றம் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. வன உரிமைகள் அனைத்தும் தீர்க்கப்பட்டுவிட்டன என்று கூறும் இன்னொரு தாள் உண்மைக்குப் புறம்பானது என்று அதே மன்றம் 2025 ஜூலையில் ஒன்றியப் பழங்குடியினர் விவகார அமைச்சருக்கே எழுதியது. இவை எதுவும் ஆட்சியாளர்களை உறுத்தவில்லை.

உறுத்தாமலிருக்க அவர்களுக்கு ஒரு புதிய சமாதானமும் கிடைத்திருக்கிறது. எதிர்ப்பவர்கள் முதியவர்கள், கடலுக்குள் போய்விட்ட பழைய ஊரை நினைத்து ஏங்குபவர்கள் என்கிறார்கள். இளைஞர்களுக்கு வேலை வேண்டும், சாலை வேண்டும், விமானம் வேண்டும், எதிர்காலம் இளைஞர்களுடையது அல்லவா என்றும் கேட்கிறார்கள். காடு, கடல் ஆமை, நிலநடுக்கம் ஆகியவை பற்றி நம்மிடம் உள்ள பதில்கள் இந்தக் கேள்விக்குப் பதிலாக மாட்டா. உழைக்கும் குடும்பங்களில் எடுபடக்கூடிய வாதம் இது. கேம்பல் பேயிலும் தலைநகர் போர்ட் பிளேரிலும் தமிழ் பேசும் வீடுகளுக்குள்ளேயே தகப்பனும் மகனும் இதில் இரு பக்கமாக நிற்கக்கூடும். ஆகவே கட்சி உறுப்பினர்கள் இதை நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் 'சம்மதம்' எவ்வாறு பெறப்பட்டது என்பதைப் பார்ப்போம். 2022 ஆகஸ்டு 12 அன்று நடந்த சிறப்புக் கிராம சபைக் கூட்டத்தின் தீர்மானம் அரசின் கோப்பில் இருக்கிறது. கேம்பல் பே, லட்சுமி நகர், கோவிந்த் நகர் ஆகியவை அதற்குரிய ஊராட்சிகள். இவை பெருநிலத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊராட்சிகள். நிக்கோபாரியர்களோ ஷோம்பென்களோ இவற்றின் உறுப்பினர்கள் அல்லர். அவர்களுக்குரிய அமைப்பு பழங்குடி மன்றம். அதனிடமிருந்து ஓர் ஆட்சேபணையின்மைக் கடிதம் சில நாட்களில் வாங்கப்பட்டது. ஆகஸ்டு 18 அன்று, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி அனைத்து உரிமைகளும் கண்டறியப்பட்டுத் தீர்க்கப்பட்டன என்று மாவட்ட நிர்வாகம் சான்றளித்தது. ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது! இதில் ஒரு விந்தையும் உண்டு. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை இருப்பதால் இத்தீவுகளில் வன உரிமைச் சட்டத்தைச் செயல்படுத்தத் தேவையே எழவில்லை என்பது அந்தமான் நிர்வாகம் ஒன்றிய அரசுக்குத் தெரிவித்து வந்த நிலைபாடு. செயல்படுத்தத் தேவையில்லாத சட்டத்தின் கீழ் எல்லா உரிமைகளும் எப்படித் தீர்ந்தன என்பதை அவர்களே விளக்க வேண்டும்.

அக்டோபர் 27 அன்று 130.75 சதுர கிலோமீட்டர் வனநிலத்தை மாற்றுப் பயன்பாட்டுக்குத் தர முதற்கட்ட அனுமதியும், நவம்பர் 11 அன்று சுற்றுச்சூழல் அனுமதியும் வந்தன. அதன் பிறகுதான் மன்றத்திற்கு முழு விவரமும் தெரியவந்தது. சிங்கென், இன் ஹேங் லோய், புலோ பஹா, கொகியோன் ஆகிய, சுனாமிக்கு முன்பு தாங்கள் வாழ்ந்த ஊர்களின் நிலங்களும் திட்டத்திற்குள் போகின்றன என்று அறிந்தபோது அவர்கள் அதிர்ந்தார்கள். நவம்பர் 22 அன்று கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். தெரியாமல் தந்ததைத் தெரிந்த பின் திரும்பப் பெறுவது எளிய மக்களின் நேர்மை. அந்த நேர்மைக்கு அரசு இன்றுவரை மதிப்பளிக்கவில்லை.

பொதுவாக்கெடுப்பு என்ற சொல்லை நம் நாட்டு ஆட்சியாளர்கள் விரும்புவதில்லை. ஆயினும் ஒரு மக்கள் தொகுதியிடம் 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற விடையைக் கேட்டு, அதை மீளமுடியாத முடிவாகக் கொள்வது எதுவோ அது பொதுவாக்கெடுப்பே. அத்தகைய வாக்கெடுப்புக்குப் பின் முதியோருக்கும் இளையோருக்கும் இடையில் பிளவு பேசப்படுவது கிரேட் நிக்கோபாரில் மட்டும் காணும் புதுமை அன்று. 2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது பற்றி வாக்களித்தது. 51.9 விழுக்காட்டினர் விலகல் என்றனர். வாக்களித்து முடித்தவர்களிடையே அன்று ஆஷ்கிராஃப்ட் நடத்திய கணிப்பில் 18 முதல் 24 வயது வரையிலானவர்களுள் 73 விழுக்காட்டினர் நீடிப்பதை ஆதரித்திருந்தனர். 65 வயதைக் கடந்தவர்களுள் 60 விழுக்காட்டினர் விலகலை ஆதரித்திருந்தனர். உடனே, 'கிழவர்கள் இளைஞர்களின் எதிர்காலத்தைத் திருடிவிட்டார்கள்' என்ற கூக்குரல் முதலாளித்துவப் பத்திரிகைகளை நிறைத்தது.

அதே கணிப்பில் இன்னொரு கணக்கும் இருந்தது. மேல்தட்டு நிர்வாகிகள், தொழில்முறையாளர்கள் ஆகியோருள் 57 விழுக்காட்டினர் நீடிப்புக்கு வாக்களித்திருக்க, உடலுழைப்புத் தொழிலாளர்களும் வேலையற்றோரும் அடங்கிய பிரிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் விலகலுக்கு வாக்களித்திருந்தனர். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நசுக்கப்பட்ட பின் மூடப்பட்ட சுரங்கங்களைச் சுற்றியிருந்த ஊர்களில் யார் மிச்சமிருந்தார்கள்? வேலை தேடிப் போக முடிந்த இளையவர்கள் போய்விட்டார்கள். முதியவர்கள் எஞ்சினார்கள். வயதின் பிளவாகத் தெரிந்ததற்குள் வர்க்கத்தின் வரலாறு இருந்தது. வலதுசாரிகள் அந்த ஊர்களின் கோபத்தை அகதிகள் மீதும் குடியேறியவர்கள் மீதும் திருப்பினார்கள். 'முதியோர் பிற்போக்காளர், இளையோர் முற்போக்காளர்' என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் அந்தத் திருப்பத்திற்கு வழிவிட்டார்கள். நமக்கு இதிலிருந்து தேவைப்படுவது ஒன்றே: வயதுக் கணக்கைப் பார்த்ததும் அதற்குள் நிலம், வேலை, வீடு யாருக்கு இருக்கிறது என்று தேடுவது.

கிரேட் நிக்கோபாரில் அப்படித் தேடினால் 2004 டிசம்பர் 26க்குப் போய்ச் சேர்கிறோம். சுனாமியின் மூலமான நிலநடுக்கத்தில் தீவின் தென்முனையே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கடற்கரையோர நிக்கோபாரிய ஊர்கள் அழிந்தன. தப்பியவர்கள் கேம்பல் பே பகுதிக்குக் கொண்டுவரப்பட்டுத் தகரக் கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டனர். பின்னர் ராஜீவ் நகர் போன்ற இடங்களில் நிரந்தர வீடுகள் கட்டித் தரப்பட்டன. தற்காலிகம் என்று சொல்லப்பட்டது இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. சொந்த ஊருக்குத் திரும்பிச் செல்ல வேண்டும் என்று அம்மக்கள் மீண்டும் மீண்டும் கேட்டிருக்கிறார்கள். திரும்பிச் செல்ல அவர்களுக்குத் தேவைப்பட்டவை பாதையும், படகுத் துறையும், குடிநீரும், ஒரு பள்ளியும், ஒரு மருத்துவ நிலையமும்தான். ரூபாய் 72,000 கோடி என்று தொடங்கி இன்று 81,000 கோடியைத் தொட்டிருக்கும் திட்டத்தைத் தீட்ட முடிந்த அரசால் அவற்றைச் செய்ய முடியவில்லை!

இப்போது வயதைக் கணக்கிடுவோம். சம்மதம் கேட்கப்பட்ட 2022 ஆகஸ்டில் முப்பது வயதுக்குட்பட்ட வாக்காளர் எவரும் சுனாமியின்போது பன்னிரண்டு வயதைத் தாண்டாதவர். அவருக்குத் தென்னந்தோப்பும், தாழையும், பன்றி வளர்ப்பும், காட்டோரத் தோட்டமும் சிறுவயது நினைவு. அல்லது அதுவும் இல்லை. அவர் அறிந்த ஊர் நிவாரண முகாம். அவர் அறிந்த பிழைப்பு கூலிவேலை. அவருடைய தாத்தா மேற்குக் கரையைச் 'சொந்த ஊர்' என்று சொல்லும்போது அவர் மனக்கண்ணில் எழுவது தாத்தா பார்ப்பது ஆகாது. ஆகவே இருவரும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை சொன்னால், அந்த வேற்றுமையை உண்டாக்கியது வயது அன்று. திரும்பிப் போவதைத் தடுத்து நிறுத்திய அந்த இருபது ஆண்டுகள். ஒரு தலைமுறையை ஊரிலிருந்து பிரித்து வளர்த்துவிட்டு, 'பாருங்கள், இவர்களுக்கு ஊர் வேண்டாமாம்' என்று காட்டுவது எந்த வகை ஜனநாயகம்?

நிவாரணம் வழங்கப்பட்ட முறையும் இந்தப் பிளவை ஆழமாக்கியது. நிக்கோபாரியரிடையே, குறிப்பாகக் கார் நிக்கோபாரில், 'துஹேட்' எனப்படும் கூட்டுக் குடும்பமே நிலத்தின் உடைமையாளர். தனி ஒருவர் நிலத்தை விற்பதோ விட்டுக்கொடுப்பதோ அங்கே வழக்கமன்று. மூத்தவர்கள் நிலத்தை நிர்வகிப்பார்கள். அனைவரும் அதில் பயிர்செய்து உண்பார்கள். சுனாமிக்குப் பின் வந்த இழப்பீடு இந்தக் கூட்டமைப்பை அறிந்துகொள்ளவில்லை. வீடுகள் தனிக்குடும்பத்திற்கு ஒன்றாகவும், பணம் வங்கிக் கணக்குகளிலும் வந்து சேர்ந்தன. மூத்தவர்களின் சொல்லுக்கு இருந்த இடம் சுருங்கியது. கையில் காசு வந்த சில ஆண்டுகளில் மோட்டார் சைக்கிளும் மதுவும் தீவுகளுக்குள் பெருகின. காசு தீர்ந்தபோது தோப்பும் இல்லை, வேலையும் இல்லை. நல்ல எண்ணத்துடன் வந்த தொண்டு நிறுவனங்களும் இதில் பங்குதாரர்களே. எதற்கெடுத்தாலும் ஆங்கிலமோ இந்தியோ தெரிந்த இளையவரைத் தேடிப் பேசி, மூத்தவர்களைக் கூட்டத்தின் ஓரத்தில் உட்காரவைத்தவர்கள் அவர்கள்தாம்.

இளைஞர்களின் வேலைத்தேவை கற்பனையன்று. இதை நாம் மழுப்பாமல் சொல்ல வேண்டும். அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2023-24இல் அந்தமான் நிக்கோபாரில் 15 முதல் 29 வயது வரையிலானவர்களிடையே வேலையின்மை 33.6 விழுக்காடு. மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகள் அனைத்திலும் லட்சத்தீவுக்கு அடுத்து மிக அதிகம் இங்கேதான். வேலைக்கு வரும் மூவரில் ஒருவர் வெறுங்கையோடு நிற்கிறார். இவர்களின் பாட்டன்மாருக்கு வனத்துறை இருந்தது, சாத்தம் மர அறுவை ஆலை இருந்தது, ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகள் இருந்தன, துறைமுகப் பணி இருந்தது. 2002 மே 7 அன்று உச்சநீதிமன்றம் சேகர் சிங் குழுவின் பரிந்துரைகளை ஏற்று மரவெட்டலைப் பெருமளவு நிறுத்தியது. காட்டைக் காக்க அது தேவையான தீர்ப்பு. ஆனால் மரத்தொழிலை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு மாற்று வேலை என்ன என்ற கேள்விக்கு அன்றைய வாஜ்பாய் அரசும் விடை சொல்லவில்லை, அதற்குப் பின் வந்த அரசுகளும் சொல்லவில்லை. அரசுத் துறைகளில் நிரந்தரப் பணிகள் குறைந்து தினக்கூலியும் ஒப்பந்தமும் பெருகின. காட்டைக் காக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டினால், அந்தத் தொழிலாளியின் மகன் காட்டின் பெயரைக் கேட்டாலே எரிச்சலடைவதில் வியப்பில்லை. துறைமுகம் வந்தால் வேலை வரும் என்று அவன் நம்புவதைத் துரோகம் என்று எந்தத் தோழரும் பேசக்கூடாது.

அந்த நம்பிக்கை நிறைவேறுமா என்பது வேறு கேள்வி. கலாத்தியா விரிகுடாவில் வரப்போவது சரக்குப் பெட்டகங்களை ஒரு கப்பலிலிருந்து மறு கப்பலுக்கு மாற்றும் துறைமுகம். ஆண்டுக்கு ஒரு கோடியே 42 லட்சம் பெட்டகங்கள் என்பது இலக்கு. இத்தகைய துறைமுகத்தில் பழங்காலத்துச் சுமைதூக்கும் வேலை இல்லை. 2024 டிசம்பரில் வணிகப் பணியைத் தொடங்கிய விழிஞ்ஞத்தைப் பாருங்கள். பெட்டக முற்றத்தின் பளுதூக்கிகளைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தபடி இயக்குகிறார்கள். அங்கே உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று அந்த இருக்கைகளில் அமர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அது சிலருக்கான வேலை, அதுவும் பயிற்சிக்குப் பிறகு கிடைக்கும் வேலை. கேரளத்தில் பள்ளியும் தொழிற்பயிற்சியும் பரவியிருப்பதால் அதாவது முடிந்தது. கேம்பல் பேயில் அதற்கான ஏற்பாடு எங்கே? எத்தனை உள்ளூர் இளைஞருக்கு, எந்தப் பணியில், எத்தனை ஆண்டுக்கு, என்ன ஊதியத்தில் என்று ஒரு தாளில் எழுதித் தர இத்திட்டத்தை நடத்தும் தீவு வளர்ச்சிக் கழகம் முன்வருமா? சம்மதம் வாங்கியபோது அந்தத் தாளையும் இளைஞர்களிடம் காட்டியிருக்க வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. தீவின் இன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ எட்டாயிரம். திட்டம் முழுமையடையும்போது மூன்றரை லட்சமாகும் என்பது திட்ட ஆவணங்களின் கணக்கு. 2011இல் அந்தமான் நிக்கோபார் முழுவதிலும் இருந்தவர்களே 3,80,581 பேர். அதாவது இன்று 'ஆம்' சொல்லும் இளைஞர் முப்பது ஆண்டுகள் கழித்து, தம் சொந்தத் தீவில் எது குறித்து வாக்களித்தாலும் அவர் வாக்கு நாற்பதில் ஒன்று. அவருக்கு எதிர்காலத்தைத் தருகிறோம் என்று சொல்லும் திட்டம் அந்த எதிர்காலத்தில் அவர் குரலைக் கரைத்துவிடுகிறது. இதைச் சொல்லும்போது நாம் எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். வேலை தேடி வரப்போகும் பீகார், ஒடிசா, தமிழ்நாட்டுத் தொழிலாளி நம் எதிரி அல்லர். பிரிட்டனில் வலதுசாரிகள் செய்த வேலையை இங்கே நாம் செய்துவிடக் கூடாது. 166 சதுர கிலோமீட்டரை யாருக்காக, யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே நம் கேள்வி. (வெட்டப்படும் மழைக்காட்டுக்கு ஈடாக அரியானாவில் மரம் நடுவார்களாம். தீவு இளைஞர் அரியானாவுக்குப் போய்த்தான் நிழல் தேட வேண்டும்.)

குடியேறியவர்களின் நிலையும் நேரானதாக இல்லை. 1969 முதல் 1980 வரை 330 முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசே கிரேட் நிக்கோபாரில் குடியமர்த்தியது. பஞ்சாபியர் மிகுதி. மராட்டியர், மலையாளி, ஆந்திரர், தமிழர் குடும்பங்களும் உண்டு. காடு வெட்டி, வயலும் தென்னையும் உண்டாக்கிய முதல் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது அல்லது மறைந்துவிட்டது. சுனாமி அவர்களின் வயல்களுக்குள்ளும் உப்பைக் கொண்டுவந்தது. இப்போது விமான நிலையத்திற்காகக் காந்தி நகரிலும் சாஸ்திரி நகரிலும் அவர்களுடைய நிலமே போகிறது. நிலத்தைத் தந்தால் இழப்பீடு வரும், மகன் பெருநிலத்தில் ஒரு வீடு வாங்கலாம் என்று ஒரு குடும்பத்தில் நினைப்பு ஓடும். நாற்பது ஆண்டு உழைத்த மண்ணை விட்டு எங்கே போவது என்று அதே குடும்பத்தின் முதியவர் கேட்பார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. 2022 ஆகஸ்டு 12 கூட்டத்தின் தீர்மானம் இவர்களின் பெயரில் நிறைவேறியது என்பதால் மட்டும் இவர்களைத் திட்டத்தின் ஆதரவாளர் என்று முத்திரை குத்திவிட வேண்டாம். நிலத்தை இழக்கப்போகும் விவசாயி அவர்.

தமிழர்களாகிய நமக்கு இவ்விஷயத்தில் ஒரு தனி நினைவு உண்டு. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பமிட்ட உடன்படிக்கை இலங்கை மலையகத் தமிழர் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அந்த மக்களின் அமைப்புகளைக்கூட யாரும் கலந்துகொள்ளவில்லை. அப்படி அனுப்பப்பட்டவர்களுள் சில பத்துக் குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்தன. நாற்பதாண்டுகள் கழித்துச் சுனாமி கச்சாலையும் கொடூரமாகத் தாக்கியது. கேட்காமலே இடம்பெயர்க்கப்படுவது ஒரு குடும்பத்தில் எத்தனை தலைமுறைக்கு வலிக்கும் என்பதைக் கச்சால் தமிழரிடம் கேட்டால் தெரியும். நிக்கோபாரியரின் வழக்கு 'அவர்கள் வழக்கு' என்று அந்தமான் தமிழர் எவரும் ஒதுங்க முடியாது. மொழிக்கணக்கில் வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்த நிலையில் இத்தீவுகளில் இருப்பவர்கள் நாம்.

சரியாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் வேதாந்தா நிறுவனத்திற்குப் பாக்சைட் வெட்டும் திட்டம். 2013 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம், முடிவைக் கிராம சபைகள் எடுக்கட்டும், மாவட்ட நீதிபதி நிலையிலான ஒருவர் பார்வையாளராக இருக்கட்டும் என்று தீர்ப்பளித்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் பன்னிரண்டை மட்டும் மாநில அரசு பொறுக்கியெடுத்தது. அது தனக்குச் சாதகமாக இருக்கும் என்று எண்ணித்தான். ஜூலை 18 முதல் ஆகஸ்டு 19 வரை ஒவ்வோர் ஊராகக் கூட்டம் நடந்தது. ஊர் நடுவில், பகலில், நீதிபதியின் முன்னிலையில், டோங்ரியா கோண்ட் மக்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். கிழவிகள் பேசினார்கள், இளைஞர்களும் பேசினார்கள். பன்னிரண்டு ஊர்களும் ஒருமனதாக 'இல்லை' என்றன. 2014 ஜனவரியில் ஒன்றிய அரசு திட்டத்தை நிராகரித்தது.

நியம்கிரியின் இளைஞர்களுக்கு வேலையின் அருமை தெரியாததல்ல. ஆனால் அவர்கள் தங்கள் மூத்தவர்களுடன் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து, முழு விவரத்தையும் கேட்டு, ஒரு மாத காலம் விவாதித்து முடிவெடுத்தார்கள். அந்த மக்கள் மலையிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கிரேட் நிக்கோபாரில் முதியவரும் இளையவரும் அப்படி ஒன்றாக உட்காரவைக்கப்படவே இல்லை. ஒரு தரப்பிடம் தீர்மானம், மறு தரப்பிடம் கடிதம், மாவட்ட அலுவலகத்தில் சான்றிதழ் என்று சம்மதம் துண்டு துண்டாகத் தொகுக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் 229 பேராக இருந்த, காட்டுக்குள் வெளியுலகத் தொடர்பு மிகக் குறைவாக வாழும் ஷோம்பென்களிடம் யார், எந்த மொழியில், எதைக் கேட்டார்கள்? சரக்குப் பெட்டகத் துறைமுகம் என்பதற்கு அவர்கள் மொழியில் என்ன சொல் சொல்லி விளக்கினார்கள்?

சட்டமும் மெல்ல மெல்ல வளைக்கப்பட்டிருக்கிறது. வன உரிமை விதிகளின்படி கிராம சபையில் பாதி உறுப்பினர்களாவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். 2009 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை, கிராம சபையின் சம்மதம் இன்றி வனநிலத்தைத் திருப்பக் கூடாது என்றது. 2022 ஜூனில் மோடி அரசு கொண்டுவந்த வனப் பாதுகாப்பு விதிகள், ஒன்றிய அரசின் அனுமதிக்கு முன்பே அந்தச் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டிய கட்டாயத்தை அகற்றி, பொறுப்பை அனுமதிக்குப் பிந்தைய கட்டத்தில் மாநில, ஒன்றியப் பகுதி நிர்வாகங்களிடம் தள்ளின. புதுச்சேரிக்காவது ஒரு சட்டமன்றம் உண்டு. அந்தமான் நிக்கோபாரில் துணைநிலை ஆளுநரும் ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினரும்தான். நிர்வாகத்தை எழுந்து நின்று கேள்வி கேட்க உள்ளூரில் ஒரு மன்றம் இல்லை. மூத்த தலைமுறை 1967 வரை நியமன உறுப்பினரைத்தான் நாடாளுமன்றத்தில் பார்த்தது. இளைய தலைமுறை வாக்களிக்கிறது, ஆனால் எதைப் பற்றியும் முடிவெடுப்பதில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். 2022 ஆகஸ்டுத் தாள்களைச் சம்மதமாகக் கொள்வதை அரசு கைவிட வேண்டும். பழங்குடியினர் காப்பு நிலத்திலிருந்து 84.10 சதுர கிலோமீட்டரை விடுவித்ததைத் திரும்பப் பெற வேண்டும். சுனாமிக்கு முந்தைய ஊர்களுக்குத் திரும்ப விரும்பும் குடும்பங்களுக்கு வழி செய்ய வேண்டும். அதன் பிறகே எந்தத் திட்டத்தைப் பற்றியும் கேள்வி கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. அதோடு இளைஞர்களுக்கான கோரிக்கையை நாம் பின்னிணைப்பாக அல்லாமல் முதல் பக்கத்திலேயே வைக்க வேண்டும்: காலியிடங்களை நிரப்புதல், தினக்கூலிகளை நிரந்தரமாக்குதல், தென்னை, மீன், படகுப் போக்குவரத்து ஆகியவற்றில் கூட்டுறவுகள், கேம்பல் பேயில் தொழிற்பயிற்சி, தீவுகளிடையே முறையான கப்பல் வசதி. வேலையையும் நிலத்தையும் இரண்டு தட்டுகளில் வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடு என்று தாத்தாவிடமும் பேரனிடமும் தனித்தனியே சொல்லும் தராசை நாம் ஏற்கக் கூடாது.

தீவுகளிலுள்ள நம் தோழர்களுக்கு உடனடியான வேலை ஒன்றுண்டு. காப்பு நிலத்துக்குள் எவரும் நினைத்தபடி போக முடியாது. போகவும் கூடாது. 1956 ஒழுங்குமுறையை மதிப்பது நம் கடமை. பழங்குடி மன்றத்துக்குப் பதிலாக நாம் பேசப் போவதும் இல்லை. ஆனால் மன்றம் விரும்பினால், வன உரிமைச் சட்டத்தின் கீழான சமூக உரிமைக் கோரிக்கைகளை, 'ஆ' படிவத்தையும் 'இ' படிவத்தையும், நிரப்புவதில் சட்டம் தெரிந்த தோழர்கள் துணைநிற்கலாம். அச்சட்டத்தின் விதிகள் ஓர் அரிய சான்றை ஏற்கின்றன: கோரிக்கையாளர் அல்லாத ஊர் மூத்தவர்களின் வாய்மொழி, எழுத்தில் பதிவாகியிருந்தால், அது ஆதாரம். எந்த ஓடையின் கரையில் எந்தக் குடும்பத்தின் தோப்பு இருந்தது, எந்த மேட்டில் இறந்தோரைப் புதைத்தார்கள், எந்தக் குடாவில் படகு ஒதுங்கும் என்பதெல்லாம் இன்று முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அதைக் கேட்டு எழுதவும் வரைபடம் போடவும் பள்ளிக்குச் சென்ற இளையவர்களால்தான் முடியும். சுனாமிக்கு முன்பே மூப்பெய்தியிருந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டிருக்கிறார்கள். மன்றத்தின் இசைவு கிடைத்ததும் ராஜீவ் நகரிலேயே, நிக்கோபாரிய மொழியிலேயே, இந்தப் பதிவைத் தொடங்குவதற்கான தாளும் வழக்குரைஞர் உதவியும் போர்ட் பிளேர் கிளையிலிருந்து போய்ச் சேர வேண்டும்.